ஈஜிபுரத்து நடைபாதையும் உச்சநீதிமன்றத்தின் கேள்வியும்

புதுதில்லி:

நகர்ப்புற வீடற்றோருக்குத் தங்குமிடம் கோரும் ஈ.ஆர்.குமார் வழக்கு 2025 பிப்ரவரி 12 அன்று உச்சநீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு எழுப்பிய கேள்வி தலைநகரில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. இலவச உணவுப் பொருளும் பணமும் கிடைப்பதால் மக்கள் உழைக்க விரும்புவதில்லை. ஒட்டுண்ணிகளின் வர்க்கம் ஒன்றை நாம் உருவாக்குகிறோமா என்பதே அக்கேள்வி. வேலை இருந்தால் செய்ய மறுப்பவர் நாட்டில் அரிது என்று வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண் பதிலளித்தார்.

தேர்தலுக்கு முன் அறிவிக்கப்படும் சலுகைகளை மனதில் கொண்டே நீதிபதி பேசினார் என்பது உண்மைதான். ஆயினும் அமர்வின் முன் இருந்தது வீடற்றோரின் வழக்கு. முகவரி இல்லாதவருக்குக் குடும்ப அட்டை கிடைப்பதே கடினம் என்பதால், இலவச அரிசி பற்றிய வாதம் அவர்களிடம் தொடக்கத்திலேயே இடறிவிடுகிறது.

வீடற்றோர் எங்கிருந்து உருவாகிறார்கள் என்பதை அறிய பெங்களூரு நல்ல சான்று. தமிழர்கள் பெருமளவில் வாழும் நீலசந்திராவுக்கு அண்மையில் உள்ளது ஈஜிபுரம். நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி அங்கு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு சில ஆண்டுகளிலேயே சிதைந்தது. ஒரு தனியார் நிறுவனத்துடன் மாநகராட்சி ஒப்பந்தம் செய்தது. நிலத்தின் ஒரு பகுதியில் ஏழைகளுக்கு வீடு, மறுபகுதியில் வணிக வளாகம். 2013 ஜனவரியில் காவல்துறைப் பாதுகாப்புடன் இயந்திரங்கள் வந்தன. சுமார் 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. தலித்துகளும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் கலந்த அக்குடும்பங்களில் தமிழ் பேசுவோர் ஏராளம்.

அவர்களில் ஒரு பகுதியினர் இடித்த மனையின் ஓரத்து நடைபாதையிலேயே தகரமும் தார்ப்பாயும் கட்டிப் பல ஆண்டுகள் கிடந்தனர். வேறிடம் போகவில்லையே என்று கேட்போர் உண்டு. கோரமங்களாவின் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு, நகர விளிம்பில் தரப்படும் அறையைவிட வேலைக்கு நடந்து போகும் தூரத்து நடைபாதையே சோறு போடுகிறது. வாடகைக்குப் போகலாமென்றால் பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். நாட்கூலியில் அது சேராது. இவர்களைச் சோம்பேறிகள் எனலாமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வீடற்றோர் 17.7 லட்சம், நகரங்களில் மட்டும் 9.38 லட்சம். பிப்ரவரி 28 அன்று ஓர் இரவில் எண்ணப்பட்ட தொகை இது. சந்தையில் இரவு மூட்டை தூக்கச் சென்றவர், காவலரின் தடிக்கு அஞ்சி ஒதுங்கியவர் எல்லாம் அதில் அடங்கியிருப்பார்களா என்பது ஐயமே. 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பிலும் இதே சிக்கல் எழும்.

ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டுமென உச்சநீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. அப்படியானால் 2011-இல் 84 லட்சம் பேர் இருந்த பெங்களூருக்கு 84 தங்குமிடங்கள் தேவை. பல ஆண்டுகள் ஆகியும் மாநகராட்சி அந்த எண்ணிக்கையின் அருகில்கூட வரவில்லை.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 1975-ஆம் ஆண்டு கர்நாடகப் பிச்சைத் தடைச் சட்டத்தின்கீழ் சொத்து வரியோடு 3 சதவீத மேல்வரி வசூலாகிறது. (வீட்டு வரி ரசீதை நிதானமாகப் படிப்பவர்க்கே இது தெரியும்.) அப்பணத்தில் நடக்கும் மாகடி சாலை மறுவாழ்வு மையத்தில் 2010 ஆகஸ்டில் பலர் அடுத்தடுத்து மாண்டனர். தெருவில் உறங்குவோர் அரசு வாகனத்தைக் கண்டதும் ஓடுவது ஏன் என்று கேட்பவர்கள் அம்மரணங்களை மறந்துவிடக்கூடாது. பிச்சையைக் குற்றமாக்கிய விதிகளை தில்லி உயர்நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்தது. அத்தீர்ப்பு தில்லிக்கு மட்டுமே பொருந்தும்; கர்நாடகச் சட்டத்தை அது தொடவில்லை.

நகர்ப்புற வறுமை ஒழிப்புக்கான புதிய இயக்கம் இறுதி வடிவம் பெற்று வருகிறது, அதில் தங்குமிடமும் அடங்கும் என்று அட்டர்னி ஜெனரல் வெங்கடரமணி அதே பிப்ரவரி விசாரணையில் தெரிவித்தார். நகரங்களில்தான் அது நடைமுறைக்கு வரவேண்டும். பெங்களூருவிலோ 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. 84 தங்குமிடங்களின் கடமையில் யாருக்கு எத்தனை என்பதை அந்த ஐந்தும் முதலில் சொல்லியாக வேண்டும்.