இலச்சினையைத் தீர்மானிப்பவர் யார்?

இணுவிற் செம்மண்ணிலே புகையிலை நட்டுப் பிழைக்கும் கமக்காரனுக்கும், வைத்தியராகவோ பொறியியலாளராகவோ அரசாங்க சேவை புரியும் அவன் மகனுக்கும் பொதுவான பொருள் ஒன்றுண்டு. இருவர் கைக்கும் வந்து சேரும் அரசாங்கக் கடிதத்தின் நெற்றியிலே ஒரே இலச்சினை. நடுவிலே வாளேந்திய சிங்கம், சுற்றிலும் தாமரையிதழ், உச்சியிலே தர்மச் சக்கரம், அடியிலே நிறைகுடமும் நெற்கதிரும், ஞாயிறும் திங்களும். 1972ஆம் ஆண்டுக் குடியரசோடு பிறந்த சின்னம் இது. நிறைகுடமும் நெற்கதிரும் உமக்கும் உரியனவல்லவோ எனச் சமாதானம் கூறுவாருளர். உரியனதாம். ஆயினும் அவற்றை அங்கே வைத்தவர்கள் எம்மைக் கேட்டா வைத்தார்கள்?

கொடியின் கதை யாவரும் அறிந்தது. கண்டியின் கடைசி அரசனது சிங்கக் கொடியை நாட்டின் கொடியாக ஏற்குமாறு 1948 சனவரியிற் பிரேரித்தவர் மட்டக்களப்புப் பிரதிநிதி சின்னலெப்பை. (அவ்வரசன் நாயக்க வம்சத்தவன் என்பதை இன்று கொடி பிடிப்போர் நினைப்பதில்லை.) எதிர்ப்பு எழவே, பண்டாரநாயக்காவின் தலைமையில் ஒரு குழு கூடிற்று. ஜீ. ஜீ. பொன்னம்பலமும் செனற்றர் நடேசனும் அதிலே அங்கம் வகித்தனர். சிங்கம் நிற்கும் களத்துக்கு வெளியே, முஸ்லிம்களுக்கெனப் பச்சைப் பட்டி ஒன்றும் தமிழருக்கெனச் செம்மஞ்சட் பட்டி ஒன்றும் சேர்க்கப்பட்டன. நடேசன் இணங்க மறுத்தார். 1951 மார்ச்சு 2ஆம் நாள் கொடி நிறைவேறியது. 1972இல் அதன் மூலைகளிலே அரசமிலைகள் வந்தமர்ந்தன.

கொடியையாவது பேசினோம், படையின் சின்னங்களைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்? 1956இற் சிங்க றெஜிமெந்து; 1962இற் கெமுனு; 1983இற் கஜபா; 1988இல் விஜயபாகு. எல்லாளனை வென்றவன் பெயர் ஒன்றுக்கு. சோழரைத் துரத்தியவன் பெயர் மற்றொன்றுக்கு. காரைநகர்க் கடற்படை முகாமுக்கு ‘எலார’ என்ற பெயர் இருப்பது உண்மையே. ஆனால் அவ்வொரு பெயர் இத்தனைக்கும் ஈடாகுமா? படைவீரன் தன் அணியின் சின்னத்திற் பெருமை கொள்வதிற் குற்றமில்லை. எந்தக் குடிகளின் நடுவே அவன் நிறுத்தப்படுகிறானோ, அக்குடிகளின் முன்னோரை முறியடித்த கதையே அவன் தோளில் ஒட்டப்படுவதுதான் குற்றம்.

பிற நாடுகள் இக்கருமத்தை எவ்வாறு நடத்துகின்றன? அமெரிக்காவிலே இராணுவத்தின் கீழ் இதற்கென்றே ஒரு நிலையம் உண்டு. 1957இல் இயற்றிய சட்டத்தினால் மற்றைத் திணைக்களங்களுக்கும் அது பணிபுரியும் உரிமை பெற்றது. 1960இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஜனாதிபதியின் முத்திரை முதற் சிப்பாயின் தோட்பட்டை வரை அங்கே விதிப்படி ஆராயப்படுகின்றன. எமக்கு அதனினும் பொருந்திய பாடம் தென்னாபிரிக்காவில் இருக்கிறது. நிறவெறி ஆட்சி கொடுமை புரிந்த 1963ஆம் ஆண்டிலேதான் அங்கு சின்னங்களுக்கான அரசாங்கக் கந்தோர் திறக்கப்பட்டது. ஆனால் அதன் சட்டம் ஒரு நல்ல விதியைக் கொண்டிருந்தது: பதிவுக்கு வரும் சின்னம் வர்த்தமானியில் வெளியிடப்பட வேண்டும், எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 1994இல் ஆட்சி மாறியபோது புதிய கொடியை வரைந்தவர், அக்கந்தோரின் தலைவராயிருந்த பிரவுனலே. 2000ஆம் ஆண்டில் வந்த புதிய இலச்சினையின் வாசகமோ, பேசுவாரற்று மறைந்த சான் மக்களின் மொழியில் எழுதப்பட்டது. பேசுவாரில்லாத மொழிக்கு அங்கே இடமுண்டு. இலட்சக்கணக்கானோர் பேசும் அரசகரும மொழியான தமிழுக்கு எமது இலச்சினையில் ஓர் எழுத்துத்தானும் இல்லை. அதிலே சிங்கள எழுத்தும் இல்லையே என்பார்க்கு, வாளேந்திய சிங்கம் எம்மொழியிற் பேசுகிறது என்பதைக் கேட்க விரும்புகிறோம்.

வயிறு காயும்போது சின்னம் எதற்கு என வினவும் அன்பர்களுக்கு ஒன்று. 1958இல் பஸ்வண்டியின் இலக்கத் தகட்டில் வந்த ‘ஸ்ரீ’ என்னும் ஒற்றை எழுத்து இந்நாட்டை எப்படிக் குலுக்கிற்றென்பதை மறந்துவிட்டீர்களா? அவ்வெழுத்துப் பின்னர் புதிய வாகனங்களிலிருந்து நீங்கியது. அதனால் எவருக்கும் நட்டம் வந்ததாகத் தெரியவில்லை. நல்லூரில் அரசிருந்த ஆரியச்சக்கரவர்த்திகள் நாணயத்திலே நந்தியும் ‘சேது’ என்ற தமிழ்ச் சொல்லும் பொறித்தனர். அவ்வரசரின் பட்டப் பெயர் இன்றும் இணுவிற் பரராசசேகரப் பிள்ளையாரின் பெயரில் நிற்கிறது. அவர்தம் நந்தியோ நாணயத்தில் மட்டுமே. கோவிலிற் கொடியேறிய பின்னரே திருவிழா என்றறிந்த ஊரவனுக்குக் கொடியின் பொருளை எவரும் போதிக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் எங்கே தொடங்குவது? கொடியையும் கீதத்தையும் அரசியலமைப்பின் 6ஆம் 7ஆம் உறுப்புரைகள் காக்கின்றன. அவற்றை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். இன்றைய நிலையில் அது கல்லில் நார் உரிப்பது. இலச்சினையையோ படைச் சின்னங்களையோ அவ்வரசியலமைப்பு அவ்விதம் பூட்டி வைக்கவில்லை. எமது பிரதிநிதிகள் கொடியை முன்னிறுத்தி ஆண்டுதோறும் உரையாற்றுவதை விட்டு, சின்னங்களுக்கான நிரந்தரக் கந்தோர் ஒன்றைச் சட்டத்தால் நிறுவும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவரட்டும். அதன் சபையில் ஒவ்வோர் இனத்தவரும் உட்காரட்டும். புதிய சின்னம் எதுவாயினும் மும்மொழியிலும் வர்த்தமானியில் வெளியாகட்டும். ஆட்சேபத்துக்கு மூன்று மாத தவணை இருக்கட்டும். அதற்கு வாக்களிக்க மறுப்பவர் எவரென்பதை அன்று பெயர் பெயராக எண்ணிக் கொள்ளலாம்.