‘ஆம்’ என்றவர் யார்?

சென்ற திங்கள் மாதர் கூட்டம் முடிந்து அனைவரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தம்பி, ஒப்பந்தக்காரர் ஒருவரால் ஊரிலிருந்து அழைத்து வரப்பட்டு, டில்லியை அடுத்த ஓரிடத்தில் கட்டட வேலை பார்ப்பவர். “வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கென்று இருந்த பழைய சட்டம் போய்விட்டதாமே ஐயா! வழிச் செலவு போக இன்னொரு படியும் அதில் உண்டு என்றார்கள். அதை எடுத்த நாளில் எங்கள் ஊர் எம்.பி. கை தூக்கினாரா, இல்லையா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

இதென்ன பெரிய காரியம், அடுத்த கூட்டத்துக்குள் சொல்லிவிடுகிறோம் என்று நாமும் வாய் கொடுத்துவிட்டோம். அந்த வாயை எப்படி மீட்டுக்கொள்வது என்று தெரியாமல் ஒரு மாதமாகத் தவித்த கதையே இம்முறை இப்பகுதியில் இடம் பெறுகிறது.

முதலில் சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ஒப்பந்தக்காரர் மூலம் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்காக 1979-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அத்தகைய தொழிலாளர் ஐவர் இருந்தாலே அது செல்லும். வழிச் செலவோடு, ஊரை விட்டு வந்ததற்கு ஈடாக மாத ஊதியத்தில் பாதியை இடப்பெயர்வுப் படியாகக் கொடுக்கவேண்டும் என்றும் அது விதித்தது. கொடுத்த ஒப்பந்தக்காரர் எத்தனை பேர் என்று கேட்டால், நமக்குத் தெரிந்த வரையில் விரல் விட்டு எண்ணக்கூடத் தேவையில்லை. ஆயினும் ஏட்டிலாவது அது இருந்தது. 2020-ஆம் ஆண்டில் வந்த வேலைத்தலப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. புதிய சட்டத்தில் இடப்பெயர்வுப் படி இல்லை. ஐவர் என்பது பத்துப் பேராயிற்று. மறுபுறம், ஒப்பந்தக்காரரின்றித் தாமாகவே வேலை தேடி வந்தவரையும் அது புலம்பெயர் தொழிலாளராகக் கணக்கில் கொள்கிறது. ஆண்டுக்கொரு முறை ஊர் சென்று வரும் செலவையும் பேசுகிறது. நன்மையும் தீமையும் கலந்த அச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரே அம்மையாரின் காதுக்கும் செய்தி எட்டியிருக்கிறது.

அம்மசோதா லோக சபையில் 2020 செப்டம்பர் 22-ஆம் நாளும், ராஜ்ய சபையில் மறுநாளும் நிறைவேறியது. தேதி கிடைத்துவிட்டது, இனிப் பெயர்ப் பட்டியல்தானே என்று தேடினோம். பட்டியல் இல்லை. தொலைந்து போனதாகக் கருதவேண்டா. அப்படியொன்று எழுதப்படவே இல்லை. இரு சபைகளிலும் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியிருந்தது.

பாராளுமன்றத்தில் யாரும் கை தூக்குவதில்லை என்பதை நம் நேயர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நடைமுறை இதுதான். சபாநாயகர் கேள்வியை அவையின் முன் வைக்கிறார். ஏற்பவர் ‘ஆம்’ என்கிறார்கள். மறுப்பவர் ‘இல்லை’ என்கிறார்கள். எந்த ஒலி மிகுந்தது என்பதைச் செவியால் அளந்து, ‘ஆம் என்போர் பக்கமே வெற்றி என்று கருதுகிறேன்’ என்கிறார் அவர். ஒருவரும் மறுக்காவிட்டால் முடிவை இருமுறை கூறுகிறார், காரியம் முடிந்தது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களை ஆளும் சட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வாறே பிறக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் நாம் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தபோது, மசோதா ஒன்றின் பிரிவுகள் பத்தும் பதினைந்துமாகச் சேர்த்து வாசிக்கப்பட, கீழே பாதி உறக்கத்திலிருந்த நாலைந்து குரல்கள் ‘ஆம், ஆம்’ என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டோம். கோயிலில் அர்ச்சகர் சங்கல்பம் சொல்ல, நாம் பொருள் அறியாமல் ‘மம’ என்று சொல்லிக்கொண்டு நிற்பதுதான் அப்போது நினைவுக்கு வந்தது.

சபாநாயகரின் முடிவை ஓர் அங்கத்தினர் மறுத்தாரானால் நிலைமை மாறும். தாழ்வாரங்களைக் காலி செய்ய உத்தரவாகும். மூன்றரை நிமிடம் மணி அடிக்கும். நூலகத்திலும் சிற்றுண்டி விடுதியிலும் இருப்பவர்கள் ஓடி வருவார்கள். பிறகு கதவுகள் சாத்தப்படும். கேள்வி இரண்டாம் முறை வைக்கப்படும். அப்போதும் மறுப்பு இருந்தால், டிவிஷன் என்று சொல்லப்படும் பெயர்வாரி வாக்கெடுப்பு நடைபெறும். தொடக்க நாட்களில் அங்கத்தினர்கள் எழுந்து இருவேறு தாழ்வாரங்களுக்கு நடந்து சென்று எண்ணப்பட்டார்கள். 1957-இல் லோக சபையில் இதற்கென இயந்திரம் அமைக்கப்பட்டது. பச்சை, சிவப்பு, மஞ்சள் பொத்தான்கள். ஏற்பு, மறுப்பு, நடுநிலை. பொத்தானை அழுத்தும்போதே வேறொரு விசையையும் உடன் அழுத்தவேண்டும். ஆகவே இரண்டு கைகளும் வேலையாக இருக்கும். பக்கத்து இருக்கைக்காரருக்காகக் கை நீட்ட இயலாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் நம்மவரின் இயல்பை நன்கு அறிந்தவர் போலும்! முடிவை அறிவிக்கும்போதும், ‘திருத்தத்துக்கு உட்பட்டு’ என்ற சொல்லுடன்தான் அறிவிப்பார்கள். பொத்தான் தவறியவர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். பின்னர் ஒவ்வொருவர் பெயரும் அவை நடவடிக்கைப் பதிவில் அச்சாகும். எவரும் வாங்கிப் படிக்கலாம்.

மசோதாவின் ஒவ்வொரு பிரிவுக்கும் இப்படி மணி அடித்துக்கொண்டிருக்க முடியாது என்பது உண்மையே. நூறு பிரிவுகள் கொண்ட மசோதா என்றால் விதிப்படி மணியோசை மட்டுமே 350 நிமிடம். ஒரு நாள் கூட்டம் அதற்கே சரியாகிவிடும். மாறுபாடு இல்லாத இடத்தில் குரலே போதும். 2015 ஏப்ரல் 24-ஆம் நாள், திருநங்கையர் உரிமைக்காகத் திரு. திருச்சி சிவா கொண்டுவந்த தனி அங்கத்தினர் மசோதாவை ராஜ்ய சபை குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேற்றியது. தனி அங்கத்தினரின் மசோதா ஒன்று ராஜ்ய சபையில் நிறைவேறியது 45 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அங்கே பெயர்ப் பட்டியல் இல்லையே என்று யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. (அம்மசோதா லோக சபையைத் தாண்டவில்லை, 2019-இல் அரசாங்கத்தின் மசோதாவே வேறு வடிவில் சட்டமாயிற்று.)

எண்ணிக்கை வேண்டிய இடங்களும் உண்டு. அரசியல் சட்டத்தைத் திருத்தும் மசோதாவுக்குக் குரல் செல்லாது. தலை எண்ணியே தீரவேண்டும். 1970 செப்டம்பர் 5-ஆம் நாள் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா ராஜ்ய சபைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224-இல் மூன்றில் இரண்டு பங்கு 149-க்குச் சற்றே மேல். ஒரு வாக்கின் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததால் மசோதா வீழ்ந்தது. மானியம் ஒழிய 1971 இறுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1999 ஏப்ரல் 17-ஐ நம் வீடுகளில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக் கட்சியொன்று ஆதரவை விலக்கிக்கொண்டதால் வந்த வாக்கெடுப்பு அது. வாஜ்பாயி அரசு 269-க்கு 270 என்று கவிழ்ந்தது. ஒரிஸ்ஸாவின் முதலமைச்சராகிவிட்ட பிறகும் லோக சபைப் பதவியைத் துறக்காதிருந்த கிரிதர் கமாங் வந்து வாக்களித்தது சரியா என்று இன்றளவும் வாதிடுகிறோம். அவர் பெயர் பட்டியலில் இருப்பதால் அன்றோ வாதிட முடிகிறது! 2023 செப்டம்பரில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்கு லோக சபையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. அந்த இருவர் அசதுத்தீன் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும் என்பதும், அவர்கள் கூறிய காரணமும் ஊரறியும். அவர்களோடு உடன்படாதவரும் அவர்களிடம் போய் ‘ஏன்?’ என்று கேட்க வழி இருக்கிறது.

இனி 2020 செப்டம்பருக்குத் திரும்புவோம். அவ்வாரத்தில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் நமக்கு ஒன்று புலப்பட்டது. 20-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ராஜ்ய சபையில் வேளாண் மசோதாக்கள். எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். அவர்கள் தத்தம் இருக்கையில் இல்லை என்றது தலைமைப் பீடம். கேட்டது கேட்கப்படவில்லை என்றார்கள் அவர்கள். அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் அங்கத்தினர் எண்மர் கூட்டத்தொடர் முடியும் வரை நீக்கி வைக்கப்பட்டனர். அதைக் கண்டித்து எதிர்க்கட்சிகளில் பெரும்பாலானவை இரு சபைகளையும் புறக்கணித்தன. அந்த வெற்றிருக்கைகளுக்கு முன்னால்தான் 22, 23 ஆகிய இரு நாட்களிலும் தொழிலாளர் மசோதாக்கள் வந்தன. டிவிஷன் கேட்கும் நோக்கமுடையவர்கள் வெளியே இருந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அதைக் கேட்கவேண்டிய தேவை இல்லை. ஆக, நம் அம்மையாரின் கேள்விக்கு விடையில்லாமற் போனதற்கு, பெயர் எழுத மறுத்தவர்கள் மட்டும் பொறுப்பாளிகள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வெளிநடப்புச் செய்தவர்கள் தங்கள் எதிர்ப்பைப் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்கள். உள்ளேயிருந்து ‘இல்லை’ என்று பொத்தானை அழுத்தியிருந்தால், தோற்றிருப்பார்கள்தான். ஆனால் யார் யார் எதிர்த்தார்கள், அதனினும் முக்கியமாக யார் யார் ஆதரித்தார்கள் என்பது அச்சில் நின்றிருக்கும். இதுவே மீண்டும் 2023-இலும் நடந்தது. 2018 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் 126-க்கு 325 என்று பெயர்களோடு தோற்றது. 2023 ஆகஸ்டில் வந்த அதே வகைத் தீர்மானம், கொண்டுவந்தவர்களே வெளிநடப்புச் செய்துவிட்ட நிலையில், குரலோடு போயிற்று.

டிவிஷன் கேட்டாலும் அது கிடைத்தே தீரும் என்பதில்லை. தேவையின்றிக் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், இரு தரப்பினரையும் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிடலாம். அப்போது பெயர்கள் குறிக்கப்படமாட்டா என்று விதியே கூறுகிறது. தேவை எது என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. அமெரிக்கக் காங்கிரசில் வந்திருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் பெயர்வாரிப் பதிவு கட்டாயம்; அந்நாட்டு அரசியல் சட்டமே அதை உறுதி செய்கிறது. நம் விதிகளிலும் குறைந்தது மசோதா நிறைவேறும் கடைசிக் கேள்விக்கு மட்டுமாவது பெயர் பதியவேண்டும் என்பது நம் கருத்து. மேசை மீது பொத்தான் இருக்கிறது. அழுத்தப் பத்து விநாடி போதும்.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டு நகைத்தார். “1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். பிறகு பெயரைப் பார்த்து என்ன கண்டுகொள்ளப் போகிறீர்?” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் வராமலே இருந்துவிட்டவரும், நடுநிலைப் பொத்தானில் ஒதுங்கியவரும், ஓரிரு அங்கத்தினரே உள்ள கட்சியினரும் பட்டியலில்தானே தெரிவார்கள்? உத்தரவின்படி வாக்களித்தவரும் உத்தரவின்படி வாக்களித்தேன் என்று தம் தொகுதியில் சொல்லட்டுமே.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மையார் ‘எங்கள் ஊர் எம்.பி.’ என்றாரே தவிர, அவர் பெயர் பதினைந்து ஆண்டுகளாக டில்லி வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. ஒருவர் பெயர் இரு தொகுதிகளில் இருக்கக் கூடாது என்பது சட்டம். எனவே முறைப்படி அவர் கேள்வி கேட்கவேண்டியது டில்லி அங்கத்தினரை. தம்பியின் பெயரோ இன்னும் ஊரில்தான் இருக்கிறது; தேர்தலுக்குப் போய்வர அவருக்கு ஒரு வாரக் கூலி போய்விடுகிறது. வெளியூரிலிருந்தே வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றைத் தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முனைந்தது, கட்சிகள் பல ஐயங்களை எழுப்பின, அத்தோடு நின்றது.

சென்ற ஞாயிறன்று அம்மையாரைச் சந்தித்து உள்ளதை உள்ளபடி சொன்னோம். “அப்படியானால் யாருக்குமே தெரியாதா?” என்றார். “ஒருவருக்குத் தெரியும், அந்த அங்கத்தினருக்கே தெரியும்” என்றோம். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அவருக்கு எழுதிக் கேட்டால் என்ன?” என்றார். அங்கேயே உட்கார்ந்து இரண்டு கடிதங்கள் எழுதினோம். தம்பி கையொப்பமிட்டது ஊர்த் தொகுதியின் அந்நாளைய அங்கத்தினருக்கு, தமிழில். அம்மையார் கையொப்பமிட்டது டில்லித் தொகுதியின் அந்நாளைய அங்கத்தினருக்கு, இந்தியில். 2020 செப்டம்பர் 22 அன்று சபையில் இருந்தீர்களா, இருந்தால் எப்பக்கம் குரல் கொடுத்தீர்கள் என்ற இரண்டே கேள்விகள். திங்களன்று பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டோம். விடை வந்தால் இப்பகுதியிலேயே வெளியிடுவோம்.