பெரியவர் போனால் கதையும் போச்சு!

முதியோர் இல்லத்தில் ஒருவரைச் சேர்க்கும்போது என்ன எழுதிக்கொள்கிறார்கள்? பெயர், வயசு, நோய், உறவினர் விலாசம். அவ்வளவுதான்! அவர் கண்ணால் பார்த்த ஊர்க் கதையை யாரும் கேட்பதில்லை.

கல்வராயன் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்குச் சுதந்திரம் 1947-ல். மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்த இந்த மலை அரசிடம் வந்ததோ 1976-ல்! 29 வருஷம் தாமதம். ஜாகீருக்கு வரி கட்டி, கூலியில்லாமல் பாடுபட்ட காலத்துக்கு அந்த மலைவாசிகள்தான் சாட்சி. அன்று 20 வயசு வாலிபர், இன்று 70-ஐ எட்டிய கிழவர்.

மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஏழை முதியோர் 150 பேர் தங்கும்படி இல்லம் அமைக்க 2007-ம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. 2019-ல் உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் அதே சட்டம்தான். ஆனால் சோறும் கட்டிலும் கொடுத்தால் மட்டும் போதுமா?

இல்லத்துப் பதிவேட்டில் நாலு பக்கம் கூடுதலாகச் சேருங்கள். ஊர், தொழில், பார்த்தது, பட்டது எல்லாம் எழுதுங்கள். மலையிலோ, உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்துத் தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள். செலவு ஒரு நோட்டு, ஒரு பேனா!

திண்ணை காலியான பிறகு யாரிடம் போய்க் கேட்பது?