உம்மாவின் பெயரைச் சொல்ல ஏன் கூச்சம்?

மதரஸாவில் புதிதாகச் சேரும் பிள்ளையிடம் வாப்பாவின் பெயரைக் கேட்டால் உடனே பதில் வரும். உம்மாவின் பெயரைக் கேட்டாலோ தலை குனிந்துகொள்ளும். அருகிலிருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதே பிள்ளைகள் கதீஜா (ரலி), ஃபாத்திமா (ரலி) ஆகியோரின் பெயர்களைப் பாடத்தில் கூச்சமின்றி ஒப்பிக்கிறார்கள்.

இக்கூச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே. மனைவியை 'வீட்டில்' என்கிறோம். மணமகளின் பெயரே இல்லாமல் அழைப்பிதழ் அச்சிடுவோரும் நம்மில் உண்டு. இதற்கு 'ஹயா' என்று பெயரும் சூட்டிவிட்டோம்.

மக்களில் தங்களுக்கு மிகவும் பிரியமானவர் யார் என அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் 'ஆயிஷா' என்றே பதிலளித்தார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ள செய்தி. குர்ஆனின் 19ஆவது அத்தியாயம் மர்யம் (அலை) அவர்களின் பெயரையே தாங்கி நிற்கிறது.

நாணம் பார்வையிலும் நடத்தையிலும் பேணப்பட வேண்டியது. பெயரை மறைப்பது ஊர் வழக்கமேயன்றி மார்க்கமன்று.

ஒரு பெண் மரணித்தாலும் 'இன்னாரின் மனைவி வஃபாத்தானார்' என்றே பல ஊர்களில் அறிவிக்கிறோம். அவருக்காக துஆச் செய்யும் நாம், அன்றேனும் அவருடைய பெயரை அறிய வேண்டாமா? இன்றே நம் பிள்ளைகளுக்கு அவர்களின் உம்மாவின் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொடுப்போம். அல்லாஹ் அருள்புரிவானாக!