கடிதத்தை யார் படித்துச் சொல்வது?

இடுக்கி மாவட்டத்து மறையூரில் சந்தனக் காடுகளுக்கு இணையாகப் பெயர் பெற்றது வெல்லம். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அவ்வெல்லத்தைக் காய்ச்சிக் கையால் உருட்டுவோரிலும் கரும்பு வெட்டுவோரிலும் தமிழர் உண்டு. மலையாளம் பேசத் தெரிந்த அனைவருக்கும் அதனைப் படிக்கத் தெரியும் என்று கொள்ள இயலாது.

பள்ளியிலிருந்து மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கடிதம் வந்தால், அதனைப் பெற்றோர்க்குப் படித்துச் சொல்பவர் ஒன்பதாம் வகுப்பு மகனோ மகளோதான். ஆசிரியர் அழைத்தால் உடன் சென்று மொழிபெயர்ப்பவரும் அவரே. தம் குறையைத் தாமே பெற்றோரிடம் எடுத்துரைக்கும் நிலை! 'வருகை குறைவு' என்பது 'எல்லாம் நன்று' என மாறிவிடுவதில் வியப்பில்லை. பாராட்டும் சில நேரங்களில் கூச்சத்தால் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. இதனைப் பிள்ளையின் பொய் என்று மட்டும் கூறுவது நேர்மையன்று. விசாரிக்கப்படுபவரையே மொழிபெயர்ப்பாளராக நிறுத்தியவர்கள் பெரியவர்கள் அல்லரோ?

"படிக்காத எங்களுக்குப் பள்ளியில் என்ன வேலை?" என்று பெற்றோர் ஒதுங்குவதும் உண்டு. சட்டம் அவ்வாறு கருதவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். குழுவில் பாதிப்பேர் பெண்கள். அவ்விருக்கைக்குக் கல்வித் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை.

பெற்றோர் பங்கேற்றால் தம் நட்பும் கைப்பேசியும் கண்காணிக்கப்படும் என்று இளையோர் அஞ்சுவர். அவ்வச்சத்தில் நியாயமுண்டு. பதினைந்து வயதினர்க்குத் தமக்கென ஓர் இடம் வேண்டும். மறையூரைச் சூழ்ந்த மலைகளில் வாழும் முதுவர்களிடம், வளர்ந்த ஆண்பிள்ளைகள் 'சாவடி' என்னும் தனிக் குடிலில் உறங்கும் பழைய வழக்கம் உண்டு. இளையோர்க்கு அது தனியிடம். ஆயினும் அது ஊருக்குள்ளேயே இருந்தது. கைப்பேசியைப் பறித்துச் சோதிக்கும் தந்தையைவிட, மகனின் நண்பர்களைப் பெயர் சொல்லி அழைத்துச் சோறிடும் தாய்க்கே அவனைப் பற்றி மிகுதியாகத் தெரியும்.

பள்ளி செய்யவேண்டியது பெரிதன்று. கடிதத்தின் அடியில் நான்கு வரி தமிழில் எழுதலாம். பெற்றோர் கூட்டத்தில் தமிழறிந்த ஆசிரியரையோ வேறொரு பெற்றோரையோ மொழிபெயர்க்கச் செய்யலாம். அப்போது அம்மாணவர் தம் தாயின் அருகில் அமர்ந்து, தம்மைப் பற்றி ஆசிரியர் கூறுவதை அவருடன் சேர்ந்து கேட்கலாம்.