ஓசை கேட்கட்டும்

கொச்சிக்கடையிலிருந்து பஞ்சிகாவத்தை வெகுதூரமில்லை. பழைய வாகனங்களின் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற அந்தத் தெருக்களில், 1948 இல் அறிமுகமாகி எழுபதுகளின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன மொறிஸ் மைனருக்குச் சாமான் தேடுவோர் இன்றும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களுக்கும் மதிப்புக் கூடியது.

இவ்வாறு புதுப்பிக்கப்படும் எஞ்சின்கள் பலவற்றைக் கெடுப்பது, என் பார்வையில், உரிமையாளரின் காதுதான். "ஏன் டிக் டிக் என்கிறது?" என்று அவர் கேட்கிறார். அவரைத் திருப்திப்படுத்த மெக்கானிக் றொக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைத்துவிடுகிறார். எஞ்சின் அமைதியாகிறது, கேடு தொடங்குகிறது.

மொறிஸ் மைனர் 1000 இற்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும். சூடேறினால் வால்வு நீளும். இடைவெளி போதாவிட்டால் அது தன் இருக்கையில் முழுமையாக அமராது. வால்வின் வெப்பம் பெரும்பாலும் அந்த இருக்கை வழியாகவே வெளியேறுவதால், புகைபோக்கி வால்வு கருகிப்போகும்.

இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் கைவிடப்பட்டது. மக்களின் நுரையீரலுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது நன்மையே. ஆனால், வார்ப்பிரும்பு இருக்கைகளைக் காத்துவந்த ஈயப் படலமும் அத்துடன் போயிற்று. இருக்கை தேய, வால்வு உள்ளே அமிழ்கிறது. இடைவெளி தானாகவே சுருங்குகிறது. அதாவது, இந்த நோய் முற்ற முற்ற எஞ்சினின் ஓசை குறையும்! ஆகவே, எஞ்சின் தலையைக் கழற்றியிருக்கும்போதே கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் பொருத்துவதே முறை.

ஓசை அளவுக்கு மீறினாலும் இடைவெளியைக் குறைப்பது மருந்தாகாது. றொக்கரின் முனையில் பள்ளம் விழுந்திருந்தால், அளவுத்தகடு அந்தப் பள்ளத்தின் மேலாகப் படிந்து பொய்யளவு காட்டும். அங்கே மாற்றவேண்டியது றொக்கரை. புதிய கேம் தண்டுக்குப் பழைய தப்பெட்டுகளைப் போட்டு மிச்சம் பிடிப்பதும் வீண் சிக்கனமே.

இடைவெளி வைப்பதற்கு எளிய கணக்கொன்றும் உண்டு: முழுமையாகத் திறந்துள்ள வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். முதலாவது திறந்திருந்தால் எட்டாவதைச் சரிசெய்யலாம்.

அடுத்தமுறை மெக்கானிக்கிடம் சத்தத்தைப் பற்றிக் கேளாதீர்கள். எவ்வளவு இடைவெளி வைத்தார், இருக்கைகளை மாற்றினாரா என்று கேளுங்கள்.