‘இரண்டு மணி நேரம்’: எந்தக் கடிகாரத்தின்படி?

‘இத்தூண் இரண்டு மணி நேரத் தீத்தாங்குதிறன் உடையது’ என்னும் தொடரை வாசிக்கும் எவரும், தீப்பற்றிய கட்டடம் அத்தனை நேரம் நிற்கும் என்றே பொருள்கொள்வர். இலக்கணம் அப்பொருளைத் தருகிறது, பொறியியல் தருவதில்லை. அந்த நேரம் சோதனை உலையில், தனித்ததோர் உறுப்பின்மீது அளக்கப்பட்டது.

ஐ.எஸ்.ஓ. 834 வளைகோட்டின்படி உலையின் வெப்பநிலை 30 நிமிடத்தில் 842 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரத்தில் 945, இரண்டு மணி நேரத்தில் 1,049 என ஏறிக்கொண்டே போகும்; ஒருபோதும் இறங்காது. உண்மையான அறைத்தீயின் போக்கு வேறு. கூரையடியில் தேங்கும் புகைப்படலம் ஏறத்தாழ 600 டிகிரியை எட்டும்போது அறையிலுள்ளவை ஒருசேரப் பற்றிக்கொள்ளும். எரிபொருள் தீரத் தீரத் தீ தணியும். உச்ச வெப்பத்தையும் அது நீடிக்கும் காலத்தையும் எரிபொருளின் அளவு, சன்னல்களின் பரப்பும் உயரமும், சுவர்கள் வெப்பத்தை ஈர்க்கும் தன்மை ஆகியன தீர்மானிக்கின்றன. சுவீடன் ஆய்வாளர்கள் 1970களிலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினர்; ஐரோப்பிய விதிநூலும் அம்முறைக்கு இடமளித்தது.

தணியும் கட்டம் பாதுகாப்பானது என்பதும் பிழை. சூட்டில் நீண்டு தொய்ந்த எஃகு உத்தரம் குளிரும்போது சுருங்கி, இணைப்புகளை இழுத்து முறிக்கக்கூடும். பிரிட்டனின் கார்டிங்டனில் முழுஅளவுக் கட்டடத்தில் நடந்த சோதனைகளில் இது கண்கூடாயிற்று. காங்கிரீட் தூணின் உள்ளே, வெளித்தீ அணைந்த பின்னும் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும். மீட்புப் பணியாளர் உள்ளே நுழைவதும் அந்நேரத்தில்தான்.

ஆயினும் நம் வகுப்பறைகள் பெரும்பாலானவற்றில், ஐ.எஸ். 456 அட்டவணையில் மணிக்கணக்கைப் பார்த்துத் தூணின் அகலத்தையும் கம்பிக்கு மேலான காங்கிரீட் மூடலையும் தெரிவு செய்வதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அட்டவணை எளிது, பொதுவாகப் பாதுகாப்பானது என்பர் அதன் ஆதரவாளர். இரு உறுப்புகளை ஒப்பிட உலைச்சோதனை தக்க அளவுகோலே, அதில் ஐயமில்லை. ஒப்பீட்டு எண்ணைக் காலத்தின் உறுதிமொழியாக விற்பதே குற்றம். 1997இல் தில்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். கட்டடம் இடிந்து மாண்டவர்கள் அல்லர். புகையில் மூச்சுத்திணறி மாண்டவர்கள். தூணின் மணிக்கணக்கு அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை.

ஆகவே சான்றிதழில் ‘மணி நேரம்’ என்பதன் அருகே ‘உலைச்சோதனையில்’ என்ற சொல்லும் இடம்பெற வேண்டும். தங்கள் விடுதி அறையின் எரிபொருளையும் சன்னலையும் அளந்து, அங்கே எழக்கூடிய தீயின் வளைகோட்டை மாணவர்கள் தாமே வரையப் பாடத்திட்டம் வழிசெய்ய வேண்டும்.